லெகோ கட்டைகளில் கலியாணக் கேக் டொப்பர்: முதன்முறை செய்பவர்களுக்கு

கலியாணக் கேக்கின் உச்சியில் வைப்பதற்கென்று மட்டக்களப்புக் கடைகளில் கிடைக்கும் பொம்மைச் சோடியில், பெண் பெரும்பாலும் வெள்ளைக் கவுனிலும் மாப்பிள்ளை கறுப்புக் கோட்டிலும்தான் இருப்பார்கள். காலையில் கூறைச்சேலையும் தலைப்பாகையுமாக மணவறையில் இருந்த இருவர் மாலையில் கேக் வெட்ட வந்து நிற்கும்போது, உச்சியில் நிற்பவர்கள் யாரோ வேற்றூர்ச் சோடியாகத் தெரிவார்கள். கேக் செய்பவர்கள் டொப்பர் என்று சொல்லும் இந்த உச்சிப் பொம்மையை லெகோ வகை விளையாட்டுக் கட்டைகளால் நாமே செய்துகொண்டால் அந்தக் குறை தீரும். மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியையும் பெண்ணின் அரக்குக் கூறையையும் 4 சென்ரிமீற்றர் உயரத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

உறவினர் கலியாணங்களுக்கு இதைச் செய்து பழகியவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் பொம்மையில் தொடங்குகிறார்கள். தலைமுடி தேடுகிறார்கள், முகம் தேடுகிறார்கள், கடைசி நாளில்தான் இது கேக்கின் மேல் எப்படி நிற்கப்போகிறது என்று யோசிக்கிறார்கள். நான் முதலாவதாகச் செய்ததும் அப்படித்தான். கல்லடியில் ஒரு மண்டபம், கச்சான் காற்று அனலாக வீசிய ஜூலை மாதம், கேக்குக்குப் பூசியிருந்தது பட்டர் ஐசிங். விருந்தினர் வந்து சேருமுன்பே அடித்தட்டின் ஒரு பக்கம் ஐசிங்கில் அமிழ்ந்து, மாப்பிள்ளை பெண்ணின் தோளில் சாய்ந்துவிட்டார். பார்த்தவர்கள் பாசம் என்று சிரித்தார்கள்; எனக்கு மட்டும் வியர்த்தது. அன்று முதல் கேக்கில் தொடங்கி அடித்தளம் கட்டி, ஆட்களைக் கடைசியில் ஏற்றும் ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறேன். இந்தக் கட்டுரையும் அதே ஒழுங்கில் போகும்.

கட்டைகளின் அளவு

டென்மார்க்கின் பிலுண்ட் என்னும் ஊரில் தச்சுத்தொழில் செய்த ஒருவர் 1932 இல் தொடங்கியது லெகோ நிறுவனம். இன்று நாம் காணும் குமிழ் வைத்த கட்டைக்கு 1958 ஜனவரி 28 ஆம் திகதி காப்புரிமை கோரப்பட்டது. கைகால் அசையும் குட்டிப் பொம்மை 1978 இல் வந்தது. இந்த வரலாற்றில் நமக்குப் பயன்படுவது, 1958 இலிருந்து அளவு மாறவில்லை என்பதுதான். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் கிடக்கும் பழைய பையிலுள்ள கட்டையும் இன்று வாங்கும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும்.

ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் 8 மில்லிமீற்றர். ஒரு கட்டையின் உயரம், குமிழைச் சேர்க்காமல், 9.6 மில்லிமீற்றர். தட்டு எனப்படும் மெல்லிய துண்டு 3.2 மில்லிமீற்றர், ஆகவே மூன்று தட்டுகள் ஒரு கட்டைக்குச் சமம். குட்டிப் பொம்மை, தலைமுடியை விட்டுவிட்டால், ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் உயரம். இந்த நான்கு எண்களையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டால், வாங்குவதற்கு முன்பே முழு டொப்பரையும் கணக்கிட்டுவிடலாம்.

முதலில் கேக் செய்பவரிடம் போங்கள்

கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கேக் செய்பவருடன் பேசிவிடுவது நல்லது. அவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை: உச்சி அடுக்கின் அகலம் எத்தனை அங்குலம், அது உண்மையான கேக்கா, ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பலகையா, மேலே வருவது பட்டர் ஐசிங்கா, தாளாக விரித்துப் போர்த்தும் சீனிமாவான ஃபொண்டன்டா, ரோயல் ஐசிங்கா, மண்டபம் குளிரூட்டப்பட்டதா திறந்ததா.

இரண்டாவது கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். விருந்தினர் கையில் போகும் கேக் துண்டுகள் தனியாகச் செய்யப்பட்டுச் சிறு பெட்டிகளில் வந்துவிடுவதால், மேடையில் நிற்கும் அடுக்குகளில் பல ரெஜிபோமில் ஐசிங் பூசியவையாகவே இருப்பது நம்மூரில் வழக்கம். ரெஜிபோம் என்றால் உங்கள் வேலை பாதி குறைந்தது. அது அமிழாது, வியர்க்காது. உண்மையான கேக் என்றால்தான் ஐசிங்கின் வகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ரோயல் ஐசிங் காய்ந்து இறுகிப் பாரத்தைத் தாங்கும். ஃபொண்டன்ட் ஓரளவு தாங்கும், ஆனால் பிரிட்ஜிலிருந்து எடுத்து ஈரக்காற்றில் வைத்தவுடன் மேற்பரப்பு வியர்த்துப் பிசுபிசுப்பாகும். மார்கழி மழைக் காலத்தில் இது நிச்சயம் நடக்கும். பட்டர் ஐசிங்கோ கச்சான் காலத்து வெயிலில் இளகிவிடும். அதன்மேல் எதையும் நேரே வைக்கக் கூடாது.

அகலத்தைப் பொறுத்தவரை நான் வைத்திருக்கும் விதி, அடித்தளம் உச்சி அடுக்கின் பாதி அகலத்தைத் தாண்டக் கூடாது என்பதாகும். உச்சி அடுக்கு 6 அங்குலமானால் அது 152 மில்லிமீற்றர். 8×8 குமிழ் அடித்தளம் 64 மில்லிமீற்றர் சதுரம். நான்கு பக்கமும் 44 மில்லிமீற்றர் மிஞ்சும், கேக் செய்பவர் பூ வைப்பதற்கு இடமும் கிடைக்கும். உச்சி அடுக்கு 4 அங்குலம்தான் என்றால் 6×6 போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் கேக்கின் மேல் டொப்பர் நிற்பதாகத் தெரியாது, டொப்பரின் கீழ் கேக் நசுங்குவதாகத் தெரியும்.

கட்டைகள் எங்கே கிடைக்கும்

அசல் லெகோ விலை கூடியது, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எளிதில் கிடைப்பதும் இல்லை. அதன் அடிப்படைக் காப்புரிமை காலாவதியாகி நெடுங்காலமாகிவிட்டதால், அதே அளவில் வேறு நிறுவனங்கள் செய்யும் கட்டைகள் விளையாட்டுப் பொருட் கடைகளில் கிடைக்கின்றன. அசலில் ஒவ்வொரு குமிழின் மேலும் நிறுவனத்தின் பெயர் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மற்றவற்றில் அது இராது. மற்றவை எல்லாம் கூடாதவை என்று சொல்ல மாட்டேன். இரண்டு கட்டைகளைப் பொருத்தித் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். விழாமல் நின்று, கழற்றும்போது நகம் வலிக்காமல் வந்தால் அது நல்ல கட்டை. அடித்தளத்துக்கும் தூண்களுக்கும் இறுக்கமானவற்றையே தெரிந்தெடுங்கள். பூவும் இலையும் எதுவாயினும் பரவாயில்லை.

குறிப்பிட்ட நிறத்தில் குறிப்பிட்ட துண்டு தேவைப்பட்டால் பிரிக்லிங்க் என்னும் இணையச் சந்தையில் துண்டு துண்டாக வாங்கலாம். 2019 இலிருந்து அது லெகோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்களுடைய ஸ்டூடியோ என்னும் இலவச மென்பொருளில் டொப்பரை முதலில் கம்பியூட்டரிலேயே கட்டிப் பார்த்து, எந்தத் துண்டு எத்தனை வேண்டும் என்ற பட்டியலையும் எடுத்துக்கொள்ளலாம். தபாலை நம்புவதைவிட, கலியாணத்துக்கு லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் உறவினரின் பெயருக்கு அனுப்பச் செய்து, அவருடைய பெட்டியில் வரவழைப்பதே நான் கண்ட நிச்சயமான வழி.

அடித்தளம் கட்டும் முறை

இங்கே அவசரப்பட வேண்டாம். தேவையானவை 2×6 கட்டைகள் நான்கு, நடுவில் கூட்டல் குறி வடிவத் துளையுள்ள 2×2 வட்டக் கட்டைகள் இரண்டு, 8×8 தட்டு ஒன்று, 8 குமிழ் நீளமுள்ள குறுக்கு அச்சுகள் இரண்டு. குறுக்கு அச்சு என்பது விளையாட்டு வண்டிச் சில்லுகளுக்குப் போடும், வெட்டுமுகத்தில் கூட்டல் குறி போலிருக்கும் கம்பு; அது 64 மில்லிமீற்றர் நீளம் இருக்கும்.

நான்கு 2×6 கட்டைகளையும் காற்றாடி போல, ஒன்றின் தலை அடுத்ததன் பக்கத்தில் முட்டுமாறு மேசையில் அடுக்குங்கள். வெளியே 8×8 சதுரமும் நடுவே 4×4 வெற்றிடமும் வரும். அந்த வெற்றிடத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வட்டக் கட்டைகளையும் வையுங்கள். இப்போது 8×8 தட்டை மேலே வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு வருமாறு கட்டைவிரலால் அழுத்தினால் எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். புரட்டிப் பார்த்தால் வட்டக் கட்டைகளின் துளைகள் தெரியும். அவற்றில் அச்சுகளைச் செருகினால் ஏறத்தாழ 55 மில்லிமீற்றர் நீளத்துக்கு இரண்டு கால்கள் கீழே நீட்டி நிற்கும். ஒற்றைக் காலும் போதுமே என்று கேட்பீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் டொப்பர் கேக்கைத் தூக்கும்போது பம்பரம் போலத் திரும்பிவிடும்.

இந்தக் கால்கள் கேக்கை நேரே தொடக் கூடாது. விளையாட்டுக் கட்டை உணவோடு சேர்ந்திருப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. நாம் பூசும் வர்ணத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆகவே குடிபானக் குழல் இரண்டை எடுத்துக் கால்களின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டி, கேக்கில் முதலில் குழல்களை இறக்கி, அவற்றுக்குள் கால்களை இறக்க வேண்டும். அச்சின் தடிப்பு 4.8 மில்லிமீற்றர், சாதாரணக் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். இடைவெளியை நிரப்ப அச்சின் மேல் உணவு சுற்றும் மெல்லிய பொலித்தீனை ஓரிரு சுற்றுச் சுற்றினால் ஆடாமல் நிற்கும். பிளாஸ்டிக் குழலுக்குத் தடை வந்தபின் கடதாசிக் குழல்தான் கையில் அகப்படுகிறது. அது கேக்கின் ஈரத்தில் ஊறினாலும் ஒரு மாலைப் பொழுதுக்குத் தாங்கும், அதற்காக முதல் நாளே இறக்கி வைத்துவிடாதீர்கள்.

அடித்தளத்தின் கீழ்ப்பக்கம் முழுவதும் குழிகள். அவற்றில் ஐசிங் ஏறினால் பிறகு ஈர்க்கால் குத்திக் குத்தி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் கேக் வைக்கும் தடித்த மட்டையிலிருந்து 7 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை வெட்டி, அலுமினியத் தாள் சுற்றி, கால்கள் போகும் இடத்தில் இரண்டு துளையிட்டு, அடித்தளத்துக்கும் கேக்குக்கும் இடையில் வைத்துவிடுங்கள். பாரமும் அந்த மட்டையில் பரவும். ஓரத்தில் தெரியும் வெள்ளி விளிம்பைக் கேக் செய்பவர் இரண்டு ஐசிங் பூவால் மூடிவிடுவார். உச்சி அடுக்கு ரெஜிபோம் என்றால் குழல் வேண்டாம். மொட்டையான அச்சை நேரே குத்தினால் ரெஜிபோம் உதிரும் என்பதால், கூர்ப்பென்சிலால் துளையிட்டுவிட்டு இறக்குங்கள்.

ஆட்கள்

இப்போதுதான் பொம்மைக்கு வருகிறோம். முதலாவது முடிவு தோலின் நிறம். லெகோப் பொம்மையின் வழமையான நிறம் மஞ்சள். மாப்பிள்ளை பெண் இருவரையும் மஞ்சளாகவே விட்டால் அது விளையாட்டுப் பொம்மையின் இயல்பென்று எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். உண்மை நிறம் வேண்டுமென்றால் பிரிக்லிங்க் பட்டியலில் மீடியம் நூகட், மீடியம் பிரவுண், ரெடிஷ் பிரவுண் என்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். தலைக்கு எடுத்த நிறத்திலேயே இரண்டு சோடிக் கைகளும் எடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். கை மணிக்கட்டில் செருகப்பட்டிருப்பதுதான். மெதுவாகத் திருகி இழுத்தால் கழன்று வரும். பெண்ணை மட்டும் இரண்டு படி வெளுப்பாக்கித் தரும்படி கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை; இருவரையும் தெரிந்தவர்கள் நிறைந்த மண்டபத்தில் அது பெண்ணுக்குச் செய்யும் மரியாதையாகாது.

அடுத்தது உடை. 168 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் 40 மில்லிமீற்றராகச் சுருங்கினால் அவர் 42 இல் ஒரு பங்காகிறார். கூறையின் கரை உண்மையில் 10 சென்ரிமீற்றர் அகலம் என்று வைத்தால், பொம்மையில் அது 2.4 மில்லிமீற்றர்தான். இந்தக் கணக்கை மனதில் கொண்டால், உண்மையான பட்டுத் துணியைச் சுற்றிச் சேலை கட்ட வேண்டும் என்ற ஆசை தானாகவே அடங்கும். எவ்வளவு மெல்லிய துணியும் இந்த அளவில் கம்பளி போல் தடித்துத் தெரியும். பெண் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

நான் செய்வது இதுதான். பெண்ணுக்குக் கால்களுக்குப் பதிலாக, பாவாடை போலக் கீழ்நோக்கி விரியும் 2×2 அடியுள்ள சரிவுத் துண்டை அரக்கு நிறத்தில் எடுத்து, அதன்மேல் அதே அரக்கு நிற உடலைப் பொருத்துகிறேன். சரிவின் அடி விளிம்பிலிருந்து 2.5 மில்லிமீற்றர் மேலே ஒட்டுப்பட்டி ஒன்றை நேராக ஒட்டி, பட்டிக்குக் கீழே திறந்திருக்கும் கீற்றில் தங்க நிறப் பெயின்ற் பேனாவை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் இழுக்கிறேன். திரும்ப இழுத்தால் முதற்பூச்சுக் கரைந்து திட்டுத்திட்டாகும். ஐந்து நிமிடத்தில், பூச்சு தொடும் பதத்துக்கு வந்து முழுவதும் இறுகுமுன், பட்டியைத் தாழ்வாகப் பின்னோக்கி உரித்தால் நூல் பிடித்ததுபோன்ற கரை மிஞ்சும். உடலில், இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு அதே முறையில் ஒரு சாய்ந்த கோடு. தலைப்புக்கு மட்டும் 6 மில்லிமீற்றர் அகலமான மெல்லிய ரிப்பன் துண்டொன்றை இடது தோளின் பின்னால் தொங்க விடலாம். துணி அந்த ஓரிடத்தில்தான் அழகு தரும். வரவேற்பு விருந்துக்கு மருதமுனைக் கைத்தறிச் சேலை உடுத்தவிருக்கும் பெண்ணானால் வேலை இன்னும் சுலபம், ஏனெனில் கோடு கோடான நெசவுக்கு ஒட்டுப்பட்டி முறை கச்சிதமாகப் பொருந்தும்.

நுணுக்கமான பூவேலையோ கோட்டுப் பொத்தான்களோ வேண்டுமென்றால் நீரில் ஊறவைத்து ஒட்டும் டிகல் தாளில் அச்சிட்டு ஒட்டலாம். அச்சிடும் கடையில் லேசர் அச்சு வேண்டுமென்று கேளுங்கள். மை தெளிக்கும் இயந்திரத்தில் அச்சிட்டால், தண்ணீரில் இடுமுன் வார்னிஷ் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் மை கரைந்தோடும். சாதாரண இயந்திரங்கள் வெள்ளை நிறத்தை அச்சிடாத காரணத்தால், கண்ணாடி போல் ஊடுதெரியும் டிகல் தாளில் அச்சிட்டதைக் கடும் நிறத் துண்டில் ஒட்டினால் ஒன்றுமே தெரியாது. வெள்ளை உடலில் ஒட்டுங்கள்.

பிழை விட்ட பூச்சை அழிக்க நகப்பூச்சு நீக்கியைத் தொடவே கூடாது. கட்டைகள் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நகப்பூச்சு நீக்கியில் வழக்கமாக இருக்கும் அசற்றோன் அந்தப் பிளாஸ்டிக்கையே கரைக்கும். மச்சாள் ஒருத்தி உதவி செய்வதாக நினைத்துத் துடைத்த ஓர் உடல் இன்னும் என்னிடம் இருக்கிறது, சாம்பல் பூத்த கத்தரிக்காய் போல. ஈரச் சவர்க்காரத் துணியால் உடனடியாகத் துடைப்பதே பாதுகாப்பு. அது போகாவிட்டால் வேறு துண்டு எடுங்கள்.

மாப்பிள்ளைக்கு வெள்ளைக் கால்கள் வேட்டியாகிவிடும்; முன்பக்கத்தில் நடுவே ஒரு தங்கக் கோடு போதும். தலைப்பாகைக்கு ஒரு சென்ரிமீற்றர் அகலமும் 12 சென்ரிமீற்றர் நீளமுமான துணிக் கீற்றை நீளவாக்கில் மடித்து, தலையின் குமிழைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கத்தில் ஒரு துளி பசை வையுங்கள். மாலைக்கு மிகச் சிறிய பாசிமணிகளை மெல்லிய நூலில் கோத்து, பொம்மையின் தலையைக் கழற்றிக் கழுத்தில் நூலைப் போட்டுவிட்டு, தலையை மீண்டும் அழுத்திவிட்டால் மாலை வழுவாது. தாலியைச் செய்ய முயலாதீர்கள். இந்த அளவில் அது கடுகிலும் சிறிது. கழுத்தடியில் ஒரு மஞ்சள் கோடு கீறினால் பார்ப்பவர் மனம் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

சாயல் என்பது ஒரு அடையாளத்தில் தங்கியிருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தாடியோ கண்ணாடியோ, பெண்ணுக்கு ஒரு பக்கமாக முன்னே விழும் பின்னலோ, ஆளுக்கொன்று போதும். தொழிலைக் காட்டும் பொருளும் இதில் அடங்கும்: புத்தகம், கமரா, கிரிக்கெட் மட்டை. ஆளுக்கு மூன்று அடையாளம் வைத்தால் விளையாட்டுக் கடைச் சன்னல் போலாகிவிடும். பெண் மாப்பிள்ளையைக் கொலரில் பிடித்து இழுப்பது போன்ற பகிடிகளை வைக்க விரும்பினால், இரு வீட்டுப் பெரியவர்களிடமும் முதலில் காட்டிவிடுங்கள். சோடிக்குச் சிரிப்பாக இருப்பது மாமியாருக்குச் சிரிப்பாக இருக்க வேண்டும் என்றில்லை.

இருவரையும் அடித்தளத்தில் நிறுத்தி உயரத்தைப் பாருங்கள். சரிவுத் துண்டில் நிற்பவருக்கும் கால்களில் நிற்பவருக்கும் சிறிது வேறுபாடு வரலாம். தேவையானவரின் கீழ் ஒரு தட்டு வைத்தால் 3.2 மில்லிமீற்றர் ஏறும், அது மனிதக் கணக்கில் 13 சென்ரிமீற்றருக்கு மேல்.

பின்னணி

மணவறைக்கு 1×1 வட்டக் கட்டைகளை எட்டெட்டாக அடுக்கி இரண்டு தூண்கள் எழுப்பி, மேலே 8 குமிழ் நீளமான வளைவோ தட்டோ வைத்தால் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் உயரச் சட்டம் கிடைக்கும். தூண்களைப் பின் வரிசையில் நிறுத்துங்கள். முன்னால் நிறுத்தினால் படப்பிடிப்பாளர் உங்களைத் திட்டுவார். நிறைகுடத்துக்கு 42 இல் ஒரு பங்குக் கணக்கு வியப்பாகப் பொருந்துகிறது. ஒன்றரைச் சாண் அகலக் குடம் 8 மில்லிமீற்றராகும். அது சரியாக ஒரு 1×1 வட்டக் கட்டையின் அகலம். செம்பழுப்புக் கட்டை, மேலே பச்சை இலைத் துண்டு, அதன்மேல் மண்ணிற வட்டத் தட்டொன்று தேங்காயாக. ஒரு மீற்றர்க் குத்துவிளக்கு 24 மில்லிமீற்றராகும். பொன்னிற வட்டத் தட்டுகள் ஏழை அடுக்கி, உச்சியில் செம்மஞ்சள் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுடராக வையுங்கள்.

மணவறை வேண்டாம், ஊரைக் காட்ட வேண்டும் என்பவர்கள் 1924 இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டத்தைச் சிறு வேலித் துண்டுகளால் பின்னணியாக்கலாம். அடித்தளத்தின் மேல் நீலக் கண்ணாடித் தட்டுகளைப் பரப்பி, ஒரு மூலையில் மீன் துண்டொன்றை வைத்தால் மட்டக்களப்பார் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். தேவாலயக் கலியாணமானால் வளைவு யன்னல் துண்டும் வெள்ளைப் பூக்களும் போதும்.

காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ முஸ்லிம் குடும்பத்துக்குச் செய்வதானால், உருவம் வைப்பது அவர்களுக்கு உடன்பாடா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்பவர்களுக்குப் பூ வளைவின் கீழ் பெயரெழுத்துகளை நிறுத்திக் கொடுப்பது கண்ணியமாக இருக்கும்.

தமிழ் எழுத்துகளைக் கட்டையில் செய்வதற்கு ஒரு எச்சரிக்கை. ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள் 5×5 குமிழுக்குள், அதாவது பொம்மையின் உயரத்திலேயே, தெளிவாக வந்துவிடும். ம வுக்கும் ய வுக்கும் சற்றுக் கூட இடம் வேண்டும். இ, ஞ, ஜ போன்ற சுழி எழுத்துகள் இந்த அளவில் யாருக்கும் விளங்காது. உங்கள் சோடியின் முதலெழுத்து அப்படி அமைந்தால், வழுவழுப்பான வெள்ளைத் துண்டொன்றில் பெயரைக் கையால் எழுதிவிடுங்கள். நல்ல கையெழுத்து கட்டையைவிட அழகானது.

கழுவுதலும் கொண்டுபோதலும்

எல்லாம் சரியென்று கண்டபின், வர்ணமும் டிகலும் இல்லாத துண்டுகளைக் கழற்றி மென்மையான சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். நீர் 40 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது. கொதிநீர் கட்டையின் வடிவத்தைக் கெடுக்கும். துணியில் பரப்பி இரவு முழுவதும் காற்றில் உலர்த்துங்கள். மழைக் காலத்தில் இரண்டு இரவு வேண்டும், ஏனெனில் குழிகளில் தங்கும் நீர் கேக்கில் சொட்டினால் ஃபொண்டன்டில் புள்ளி விழும். மீண்டும் கட்டும்போது துண்டுகளை எண்ணி ஒரு கடதாசியில் எழுதிவையுங்கள். அந்த எண் பிறகு தேவைப்படும்.

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு, பாதை என்று நாம் சொல்லும் வாவி கடக்கும் மிதவையில் ஏற்றிப் போனாலும், ஓட்டோவில் வேகத்தடைகளைத் தாண்டிப் போனாலும், டொப்பரைக் கேக்கில் குத்தியபடி கொண்டுபோகாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள ஐஸ்கிறீம் டப்பாவின் அடியில் ரெஜிபோம் துண்டொன்றை வைத்து, அதில் கால்களைக் குத்தி நிறுத்தினால் தலைகீழாகத் தவிர எதற்கும் அசையாது. மதிய வெயிலில் பூட்டிய வான் வண்டிக்குள் விட்டுப் போக வேண்டாம். கட்டை தாங்கினாலும் பசையும் டிகலும் தாங்கா. டப்பாவிலேயே ஒரு சோடி உபரிக் கைகளும், சிறு பசைக் குழாயும், ஈர்க்கும் இருக்கட்டும். கலியாண வீட்டில் தொலைவது எப்போதும் பொம்மையின் கைதான்.

மண்டபத்தில்

கேக் தன் இடத்தில் வைக்கப்பட்டபின், கேக் வெட்டுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக டொப்பரை ஏற்றுங்கள். குழல்களை இறக்கும்போது கேக் செய்பவர் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே அடுக்குகளைத் தாங்கும் குச்சி எங்கே நிற்கிறதென்று அவருக்குத்தான் தெரியும். பிறகு நான்கடி தள்ளி நின்று, முகங்கள் சபையைப் பார்க்கின்றனவா என்று கவனியுங்கள்.

கேக்கின் உச்சியில் பூவாணம் போலப் பொறி கக்கும் குச்சிகளைக் கொளுத்தும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அப்படித் திட்டமிருந்தால் டொப்பரை அதற்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பொறி விழுந்த பிளாஸ்டிக்கில் பொத்தல் விழும், துணித் தலைப்பாகை பற்றியும் விடலாம். பொறிக் குச்சி இல்லாவிட்டாலும், கத்தி கேக்கைத் தொடுமுன் டொப்பர் கீழே இறங்கியாக வேண்டும். இதற்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள், மண்டபக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். இறக்கியவுடன் துண்டுகளை எண்ணி, எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது கேக்கில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே கேக் பரிமாறப்பட வேண்டும். 1×1 துண்டு ஒரு குழந்தையின் தொண்டையில் அடைக்கப் போதுமானது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கைக்கு டொப்பரைக் கொடுக்கவே வேண்டாம், எவ்வளவு அழுதாலும்.

வீட்டுக்கு வந்ததும் அலுமினிய மட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அச்சுகளை உருவி, அடித்தளத்தின் குழிகளில் ஐசிங் ஏறியிருந்தால் காயுமுன் ஈர்க்கால் கிளறிக் கழுவிவிடுங்கள். காய்ந்த ரோயல் ஐசிங்கை வெதுநீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும், சுரண்ட வேண்டாம். அச்சுகள் இல்லாத டொப்பர் தட்டையாக நிற்கும். சோடியிடம் கொடுக்கும்போது உபரிக் கைகளைச் சிறு பையில் இட்டு அடித்தளத்தின் கீழே, நடுவிலுள்ள வெற்றிடத்துக்குள் வைத்துக் கொடுங்கள். அதற்கு அங்கே இடம் இருக்கிறது.